பந்தக்காவும் ஓட்டைக் குழாயும்

மழைநீர்க் குழாய்க்குள் எதையாவது போட்டுவிட்டு, அது எங்கே வெளியே வரும் என்று மறுமுனைக்கு ஓடிப்போய் நிற்கிற குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. கொஞ்சம் வளர்ந்தால் அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போகும். பந்தக்காவுக்கு விடவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் அதற்குச் சம்பளமே வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா மெத்தை தைப்பவர். நூல் தீர்ந்துபோன மரக்கட்டைகள் வீடெல்லாம் இறைந்து கிடக்கும். தெருவின் மேட்டு முனையில் இருக்கிற வடிகால் கம்பிக்குள் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு இவள் குரல் கொடுப்பாள். தாழ்ந்த முனையில், குழாய் ஆற்றில் வாய் திறக்கிற இடத்தில், அக்கா துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு காத்திருப்பாள். சில கட்டைகள் வரும். சில வராது. வராத கட்டைகள் எங்கே போயின என்பது இவளுக்குச் சோறு தண்ணி இறங்காத கவலை. அக்காவோ, போனால் போகிறது, வேறு கட்டை எடுத்து வா என்பாள். இரண்டு பேர் குணமும் அன்றைக்கே எழுதி வைத்ததுபோல் முடிவாகிவிட்டது.

அப்பாவுக்குப் பிறகு ஊசியை அக்கா எடுத்துக்கொண்டாள். தங்கை நகரசபையின் மழைநீர் வடிகால் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் கருவி அறையில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கேதான் பந்துகளோடு பழக்கம் ஏற்பட்டது. குழாயைப் பழுது பார்க்கும்போது தண்ணீர் வந்து தொலையாமல் இருக்க, அதன் வாய்க்குள் ஒரு ரப்பர் பையைச் செருகிப் பம்பால் காற்றடிப்பார்கள். பை உப்பிக் குழாயை இறுக அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் திருகைத் திறந்தால் காற்று போய்விடும்; சுருங்கின பையை உருவி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பைக்குத்தான் தொழிலாளிகள் பந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் குழாய்க்கு எந்தப் பந்து, எவ்வளவு காற்றடித்தால் பிடிக்கும், எவ்வளவுக்கு மேல் அடித்தால் வெடிக்கும் என்பதெல்லாம் இவளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. அறையிலிருந்து தெருவுக்கு வந்தாள். தெருவிலிருந்து ஏணி வழியாக ஆள்குழிக்குள் இறங்கினாள். கடைசியில் ஒரு குழுவுக்கே மேஸ்திரி ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறு எதுவும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் அவள் பந்தக்கா.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், நேரம் கிடைக்கவில்லை என்று ஒரே பதில். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கருவி அறையிலும் அந்த அளவில் பந்து இல்லை. ஆனால் அவள் தனியாள் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா கீழே, இவள் மேலே. கீழே என்றால் நிஜமாகவே கீழே. தெருவிலிருந்து மூன்று படி இறங்கினால் மெத்தைக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதில் அக்காவும் மாமாவும். பிள்ளைகள் படிக்க வெளியூர் போயிருந்தார்கள். கடைக்கு நேர் மேலே பந்தக்காவின் ஒற்றை அறை. நடுவில் ஒரு மரப்பலகைத் தளம்.

அக்கா பஞ்சு அடிக்கிற கோலால் கூரையைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் டீ தயார். இரண்டு தட்டு என்றால் இறங்கி வா, உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. இரண்டு தட்டுக்கு இறங்கிப் போனால் சண்டை நிச்சயம். விளக்கை ஏன் அணைக்கவில்லை, சேற்றுக் காலோடு ஏன் படியேறினாய், என் கத்தரியை எங்கே வைத்தாய் என்று எதுவாவது இருக்கும். சண்டை முடிந்ததும் சாப்பாடு போடுவாள். பந்தக்காவுக்கு ஒரு தட்டைவிட இரண்டு தட்டுதான் பிடிக்கும். இதை அக்காவிடம் அவள் சொன்னதில்லை.

இவ்வளவு நன்றாக இருந்த குடித்தனத்தில் ஒரே ஒரு குறை, தண்ணீர். ஊரெல்லாம் காரை பூசித் தரை போட்டுவிட்டார்கள். மழை விழுந்தால் மண்ணுக்குள் போக வழியில்லை. மேட்டுத் தெருத் தண்ணீரெல்லாம் உருண்டு வந்து இந்தத் தாழ்ந்த முனையில் நிற்கும். பழைய குழாயோ அந்தக் காலத்து மழைக்கு அளவெடுத்துப் போட்டது. அதனால் தாங்க முடியவில்லை. பெரிய மழை வந்தால் தண்ணீர் மூன்று படியும் இறங்கிக் கடைக்குள் வந்துவிடும். மெத்தைக்கடைக்குள் தண்ணீர் வருவதும் மளிகைக்கடைக்குள் எலி வருவதும் ஒன்றுதான். எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று பிரிக்கவே முடியாது. நனைந்த பஞ்சு காய்ந்தாலும் வாடை போகாது. போன தடவை வந்தபோது மாமா நனைந்த மெத்தைகளைத் தெருவில் அடுக்கிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அக்கா சொல்லிவிட்டாள். மாமாவின் அண்ணன் வெளியூரில் மேட்டில் ஒரு கொட்டகை வைத்திருக்கிறார். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னும் ஒரு தடவை கடைக்குள் தண்ணீர் வந்தால் மூட்டை கட்டுவதுதான். மேலே இருப்பவளைப் பார்த்து, நீயும் வா என்று அவள் சொல்லவில்லை. வரமாட்டாள் என்று தெரியும். இந்த ஊர்க் குழாய்களை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

அந்த நேரத்தில்தான் நகரசபைக்கு ஒரு புது இன்ஜினியர் வந்தாள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். தெருக்காரர்களைக் கூட்டி வைத்துத் திட்டத்தை விளக்கினாள். பழைய குழாய்க்குக் கீழே இன்னும் இரண்டு குழாய் பதிக்கப்போகிறார்கள். சுற்றிலும் ஜல்லி, ஜல்லியைச் சுற்றி, மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடுகிற வடிதுணி. அந்தக் குழாய்களின் உடம்பெல்லாம் ஓட்டை இருக்கும். கடைசி முனையை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். மழைத் தண்ணீர் முதலில் அதற்குள் போகும். ஆற்றுக்கு ஓட வழியில்லாததால் ஓட்டை வழியாக ஜல்லிக்கு வரும். ஜல்லியிலிருந்து மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். அதுவும் நிரம்பினால்தான் மேல்குழாய்க்கு வேலை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓட்டைக் குழாயை யாராவது வேண்டும் என்றே பதிப்பார்களா என்று ஒரு சலூன்காரர் கேட்டார். பந்தக்கா சிரிக்கவில்லை, அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக அவள் செய்த வேலையே குழாயில் ஓட்டையைத் தேடி அடைப்பது. ஊசி முனை ஓட்டைக்கெல்லாம் மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். இப்போது ஓட்டை போட்டே வாங்கிவந்து பதிக்கச் சொல்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. போட்ட தண்ணீர் மறுமுனைக்கு வரவே வராதாம். வராமல் இருந்தால்தான் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தமாம். சின்ன வயதில் வராமல் போன நூல்கட்டைகளெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

அவள் நம்பவுமில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் கிடங்கிலிருந்து கைநீளத் துண்டுக்குழாய் ஒன்றையும் கொஞ்சம் வடிதுணியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஓட்டையை அடைக்கிறவள் ஓட்டையையே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள் என்றார் மாமா. கேலி செய்தாரே ஒழிய, கொல்லைப்புறத்தில் குழி வெட்டியதும் அவர்தான். அக்கா அந்த வடிதுணியைக் குழிக்கு அளவெடுத்து உறைபோலத் தைத்துக் கொடுத்தாள். மெத்தை உறையைவிடச் சுலபமாம். உள்ளே ஜல்லி, ஜல்லிக்கு நடுவில் ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி குழாய், மேலே மறுபடி ஜல்லி.

முதல் வாளியை ஊற்றினார்கள். கடகடவென்று ஒரு சத்தம்; அப்புறம் ஒன்றுமில்லை. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டாவது வாளியும் போயிற்று. மாமா கேலியை நிறுத்திவிட்டுத் தானே வாளியைப் பிடுங்கி ஊற்ற ஆரம்பித்தார். எங்கேதான் போகிறது என்று குழியைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரின் அந்தப் பக்கம்கூட எட்டிப் பார்த்தார். அக்கா தையலை விட்டுவிட்டு மண்ணில் மண்டியிட்டுக் காதைக் கீழே வைத்தாள். உள்ளே யாரோ வெற்றிலை மெல்லுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கிறது என்றாள். பந்தக்காவும் காதை வைத்தாள். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டன. அந்தச் சாயங்காலம் மாதிரி இன்னொன்று அந்த வீட்டில் வந்ததில்லை.

விளையாட்டு கொஞ்ச நாள் நடந்தது. கை கழுவினால் குழிக்கு, துணி அலசினால் குழிக்கு என்று ஆகிவிட்டது. பிறகு ஒரு நாள் அக்கா கடையின் மூலையில், போன வெள்ளம் விட்டுப்போன வண்டலையெல்லாம் சுரண்டிக் கழுவினாள். அந்தச் சேற்றுத் தண்ணீரையும் பழக்கதோஷத்தில் கொண்டுபோய் அங்கேயே ஊற்றிவிட்டாள். வாளி வாளியாக. கடைசி வாளி இறங்கவில்லை. மேலே நின்றது. மறுநாளும் நின்றது. நல்ல தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், கோலால் குத்திப் பார்த்தார்கள், எதற்கும் அசையவில்லை. தோண்டிப் பார்த்தபோது துணியின் கண்ணெல்லாம் மெழுகிய மாதிரி அடைந்திருந்தது. ஒரு வேளைச் சேற்றுக்கே இந்தக் கதியா என்று பந்தக்கா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். குழியை மூடிவிட்டு அக்கா, போனால் போகிறது என்றாள்.

தெருவில் வேலை தொடங்கி முடிந்தது. ஓட்டைகள் மேலே பார்க்க வேண்டுமா கீழேயா என்று தொழிலாளிகளுக்குள் பட்டிமன்றமே நடந்தது. தன் வீட்டுக் குழியைச் சாட்சிக்கு இழுத்துப் பந்தக்கா அதை முடித்து வைத்தாள். பள்ளம் மூடி, சாலை போட்டு, இரண்டு பக்கமும் மண்பட்டை விட்டு, அதில் புல் விதைத்தார்கள். கடைசியாக இன்ஜினியர் ஒன்று சொன்னாள். ஓட்டைக் குழாய்களின் வாயில் பந்து இருக்கட்டும். அந்த மண்பட்டையில் புல் வேர் பிடித்து, மண் மழையில் கரைந்து வராமல் நிற்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. அதுவரை மழை வந்தால் தண்ணீர் பழைய குழாய் வழியாகவே போகட்டும். மண் கலந்த தண்ணீர் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் துணி அடைந்துவிடும்; அப்புறம் சாலையை உடைத்து எல்லாவற்றையும் வெளியே எடுப்பதைத் தவிர வழியில்லை. சொல்லிக்கொண்டே வந்தவள், பந்தக்காவின் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு இது முன்னமே தெரியுமா என்று கேட்டாள். எங்க அக்கா சொல்லிக் கொடுத்தா மேடம் என்றாள் பந்தக்கா.

அன்றிலிருந்து அவளுக்குப் புல் பைத்தியம் பிடித்தது. வேலைக்குப் போகும்போது குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுப்பாள். வேரோடு கையில் வந்துவிடும். திரும்பி வரும்போது இன்னொரு இடத்தில் இழுப்பாள். அதுவும் வரும். சலூன்காரர், நம்ம தெருவுல மாடு இல்லாத குறையைப் பந்தக்கா தீர்த்துட்டாங்க என்றார். அக்கா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். தங்கை மண்ணைப் பார்ப்பாள். மழைக்காலத்துக்கு இன்னும் நாளிருக்கிறது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள்.

மழை எப்போது சொல்லிவிட்டு வந்திருக்கிறது? ஒரு மத்தியான வேளை வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்தது. பந்தக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். ஓடிவந்து மேட்டு முனை ஆள்குழியின் மூடியைத் தள்ளினாள். உள்ளே மேல்குழாய் வாய் கொள்ளாமல் திணறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கறுத்த பந்துகள், கல்போல் உப்பி, ஓட்டைக் குழாய்களின் வாயைக் கவ்விக்கொண்டிருந்தன. அவற்றின் காற்றுக்குழல் ஏணிக் கம்பியில் கட்டியிருந்தது. கையெட்டும் தூரத்தில் திருகு.

அவள் கை திருகின் மேல் போனது உண்மை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்தத் திருகு என் கையில் இருக்கிறது, கீழே என் அக்கா இருக்கிறாள், நடுவில் புல்லாவது புடலங்காயாவது என்றுதான் அவள் மனம் சொன்னது. இன்னொரு கையால் ஓடுகிற தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் போயிற்று. உள்ளங்கை ரேகைகளிலெல்லாம் செம்மண் கோடு கோடாகத் தங்கியது.

அக்கா மழையில் ஓடிவந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி சேறாக ஒட்டியிருந்தது. தண்ணீர் இரண்டாவது படிக்கு வந்துவிட்டது என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு ஆள்குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எது பந்து, எது திருகு என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

"இதைத் திருகினா தண்ணி உள்ள போயிடும்ல?"

"போயிடும்."

"என் கடை தப்பிச்சிடும்ல?"

"இந்த மழைக்குத் தப்பிக்கும் அக்கா."

"இந்த மழைதான்டி இப்ப பெய்யுது."

பந்தக்கா சேறு படிந்த உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். அக்கா அதைப் பார்த்தாள். கொல்லைப்புறத்துக் குழி இரண்டு பேர் நினைவிலும் வந்து நின்றிருக்க வேண்டும். ஆனால் கடைக்குள் பஞ்சு நனையும்போது நினைவு என்ன செய்யும்? அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"உனக்கு நான் பெருசா, இந்தக் குழாய் பெருசா? வாயைத் திறந்து சொல்லு."

பந்தக்கா திருகிலிருந்து கையை எடுத்தாள். மூடியை இழுத்து ஆள்குழியை மூடினாள். பிறகு அக்காவுக்கு முன்னால் கடைக்கு ஓடினாள். மாமாவோடு சேர்ந்து முழங்கால் தண்ணீரில் நின்று பஞ்சுப் பொதிகளைத் தோளில் ஏற்றித் தன் அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். கட்டில் மேலே, அடுப்புப் பக்கத்தில், கதவு திறக்க முடியாத அளவுக்கு. பாதி தப்பித்தது. மீதி எப்போதும் போலத்தான். அக்கா அன்றைக்குக் கூரையைத் தட்டவில்லை.

வாரம் திரும்பும் முன் வண்டி வந்தது. தையல் மிஷின், பஞ்சு அடிக்கிற இயந்திரம், பாய், பாத்திரம் எல்லாம் ஏறின. மாமா மேலே வந்து, கோபத்துல போறா, கோபம் போனா வருவா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா மேலே வரவில்லை. கீழே நின்று அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. வண்டி முனை திரும்புகிற வரை ஜன்னலில் நின்ற பந்தக்கா, பிறகு தன் அறையில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதாள். கீழே யாரும் இல்லாததால் அடக்கிக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சாயங்காலமானால் காது தானாகவே தரைக்குப் போகும். ஒரு தட்டுக்காகக் காத்திருப்பது தெரிந்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள். கடைக்கு வேறு ஆள் வரவில்லை. தண்ணீர் ஏறுகிற கடை என்று ஊருக்கே தெரிந்திருக்கும்போது வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு என்று பலகையைத் தொங்கவிட்டால் மட்டும் யார் வருவார்கள்? இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். சுவரில் இருந்த தண்ணீர்க் கறையைக் கண்டு வந்த வழியே போனார்கள்.

புல் மட்டும் எதையும் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்தது. பந்தக்கா அதை இழுத்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. இந்தப் பாழாய்ப்போன புல்லுக்காகவா என்று சில நாள் வெறியோடு பிடுங்குவாள். ஒரு நாள் காலையில் வழக்கம்போல் இழுத்தபோது கை வழுக்கியது. மறுபடி இழுத்தாள். நுனி அறுந்து வந்தது, வேர் வரவில்லை. கொஞ்சம் தள்ளி இழுத்தாள். அங்கேயும் அதே. தெரு நெடுக இழுத்துக்கொண்டே போனாள். மண் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்ஜினியர் வந்து தானும் குனிந்து இழுத்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

பந்துகளைப் பந்தக்காவே எடுத்தாள். உஸ்ஸென்று காற்று இறங்குகிற சத்தம் ஆள்குழிக்குள் நெடுநேரம் கேட்டது. ஏதோ அவளே மூச்சு விட்டதுபோல் இருந்தது.

முதல் மழைக்கு மேட்டு முனையில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, டார்ச் விளக்கோடு ஏணியில் தொங்கினாள். கீழே தண்ணீர் ஓட்டைக் குழாய்க்குள் சளசளவென்று போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை செம்மண் நிறம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் குழாயின் அடி தெரிந்தது. அங்கிருந்து ஏறி, தெரு நெடுக ஓடி, ஆற்றங்கரையில் குழாய் வாய்க்கு வந்து நின்றாள். சின்ன வயதில் அக்கா நின்ற அதே இடம். மேல்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது. அவ்வளவுதான். அந்தக் கொட்டுகிற மழையெல்லாம் தெருவுக்கு அடியில் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கடையின் முதல் படி வெறுமனே மழையில் நனைந்திருந்தது. இரண்டாவது படியில் தூறல். மூன்றாவது படியில் தூசி.

அக்காவுக்குப் போன் செய்தாள். போனவளிடம் அவள் முதல் தடவையாகப் பேசியது அன்றைக்குத்தான். தண்ணீர் வரவில்லை என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து, சும்மா சொல்லாதே என்று ஒரு வார்த்தை வந்தது. பிறகு போனை வைக்கிற சத்தம்.

அடுத்த மழை ஒரு விடுமுறை நாளில் வந்தது. விட்டுவிட்டுப் பெய்கிற மழை இல்லை. காலையிலிருந்து ஒரே பிடிவாதம். பந்தக்கா ஆள்குழிகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவில் தரைக்கு அடியில் ஏதோ கேட்டது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு தெளிவாகக் கேட்டது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி படியிறங்கினாள். கடைக் கதவு திறந்திருந்தது. அக்கா தன் சாவியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலியான கடையின் நடுவில் அவள் நின்றிருந்தாள். கையில் மூடிய குடை. அதன் முனையால்தான் கூரையைத் தட்டியிருக்கிறாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். அவள் நடந்த இடமெல்லாம் தூசியில் கால்தடம் பதிந்திருந்தது. கடை முழுக்க நடந்திருக்கிறாள். மூலை முடுக்கு பாக்கியில்லை. மூட்டை முடிச்சு எதுவும் கொண்டுவரவில்லை.

"தண்ணி எங்கடி?"

பந்தக்கா காலடியைக் காட்டினாள். அக்கா மெல்லக் குனிந்து, மண்டியிட்டு, காதைத் தரையில் வைத்தாள். சிமெண்ட் தரையில் என்ன கேட்கும்? ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எழுந்தபோது கன்னத்தில் தூசி ஒட்டியிருந்தது. பையிலிருந்து ஒரு நூல்கட்டையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். அந்த வடிகாலில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். போட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றாள் பந்தக்கா. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் வேறு என்னவோ வந்து நின்றது.

"அன்னிக்கு அந்த ஆள்குழியில எட்டிப் பாத்தப்பவே எனக்கு நம்ம குழி ஞாபகம் வந்திடுச்சு" என்றாள் அக்கா. "சேத்துத் தண்ணிய ஊத்தினவளே நான்தானே. தெரிஞ்சுதான் கேட்டேன். நீ திறந்திருந்தா உன்னை இப்ப திட்டிக்கிட்டிருப்பேன்."

"திறக்கலைன்னும் திட்டினியே."

"அதுக்கு வேற யார்கிட்ட போய்த் திட்டறது? அங்க மேட்டுல கொட்டகை. காத்து, வெளிச்சம், எல்லாம் இருக்கு. மேல தகரம். கோலால தட்டினா பறவைதான் பறக்குது."

பந்தக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுகையையும் சட்டைக்குள் விடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். அக்கா வாசலுக்குப் போய் மூன்றாவது படியைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு வெளியே தொங்குகிற வீட்டுக்காரரின் பலகையைப் பார்த்தாள்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள். "அது அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல செருப்பைப் போடு. மழை நிக்கறதுக்குள்ள வீட்டுக்காரரைப் பாத்துடணும். நின்னுதுன்னா அந்த ஆளே வந்து இந்தத் தரையைப் பாத்துட்டு வாடகையை ஏத்திடுவார்."